பேருந்துச் சீட்டு நுழையாத துப்பாக்கி

எங்கள் கம்பெனியின் எம்.டி.க்குத் துப்பாக்கி சுடுவதில் திடீரென்று ஆர்வம் பிறந்தது, இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு மழைக்காலம். அடுத்த மாதமே ஓசூர் தொழிற்பேட்டையின் மேலாளர்களில் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே அந்த ஆர்வம் இருந்தது தெரியவந்தது. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பாறைச் சரிவுக்குக் கீழே யாரும் எட்டிப் பார்க்காமல் கிடந்த ரைபிள் கிளப்பில் வரிசையாகப் போய்ச் சேர்ந்தார்கள். நான் அப்போது அளவீட்டுப் பிரிவில் இருந்தேன். தொழிற்சாலையில் உள்ள மைக்ரோமீட்டர், டயல் கேஜ் எல்லாம் சரியாக அளக்கின்றனவா என்று பார்த்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. எனக்கும் பதவி உயர்வுக்கும் நடுவே இருந்த தூரத்தைச் சுட்டே குறைத்துவிடலாம் என்று நம்பி நானும் சேர்ந்தேன். மற்றவர்கள் வருடச் சந்தா கட்டினார்கள். நான் தொலைநோக்கோடு ஆயுள் சந்தா கட்டினேன்.

வருடம் முடிவதற்குள் எம்.டி. பெங்களூருக்கு கோல்ஃப் ஆடப் போய்விட்டார். மேலாளர்களின் பிறவி ஆர்வமும் அவர் காருக்குப் பின்னாலேயே அத்திப்பள்ளி தாண்டிப் போய்விட்டது. என் ஆயுள் மட்டும் கிளப்பில் மாட்டிக்கொண்டது.

"பதவி உயர்வு வந்துட்டா?" என்று என் மனைவி அவ்வப்போது விசாரிப்பாள். நாங்கள் இருவரும் கோவில்பட்டிப் பக்கம். "வரலைன்னா என்ன, கட்டுன துட்டுக்காவது போய்ச் சுட்டுட்டு வாங்க. வீட்டுல உக்காந்து டிவியைச் சுடுத மாதிரி பாத்துக்கிட்டு இருக்கதுக்கு அது மேலு."

அப்படித்தான் ஞாயிறுதோறும் பஸ் ஏறினேன்.

கிளப்பில் இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. இரண்டும் பாயிண்ட் டூ டூ ரகம். சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத சின்னத் தோட்டாவைப் போட்டு, ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் அட்டையைச் சுடுகிற விளையாட்டுத் துப்பாக்கி. ஒன்று வெளிநாட்டுச் சரக்கு. அது கமிட்டி உறுப்பினர்களுக்கு. இன்னொன்று என் வயதைத் தாண்டிய பழசு. அது பொது உறுப்பினர்களுக்கு. பொது உறுப்பினர்கள் என்று அந்தக் காலத்தில் மிச்சம் இருந்தது இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று சிஸ்டர்.

சிஸ்டர் கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். நாகரசம்பட்டிக்குப் பக்கத்தில் வீடு. வீட்டில் தெலுங்கு, வார்டில் தமிழ், எல்லை தாண்டி வரும் நோயாளிகளிடம் கன்னடம். மூன்று மொழியிலும் அதட்டத் தெரியும். கல்லூரியில் என்.சி.சி.யில் சுட்டுப் பழகியவர். ஏன் இத்தனை தூரம் வந்து சுடுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"நாளெல்லாம் மெஷின் கத்தும், சொந்தக்காரங்க கத்துவாங்க, டாக்டர் கத்துவாரு. இங்க வந்தா யாரும் பேசக்கூடாதுன்னு போர்டே வெச்சிருக்காங்க சார். அதுக்குத்தான் வர்றேன்."

அதற்கப்புறம் நான் அவரிடம் ஒரு வாரம் பேசவில்லை.

எங்கள் பங்குக்கு வந்த பழைய துப்பாக்கி சுட்ட அட்டையைப் பார்த்தால், கோழிக்கு இரை வீசியது போல இருக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று, அட்டைக்கு வெளியே மண்மேட்டில் ஒன்று. கிளப் தலைவரிடம் முறையிட்டோம். அவர் கிரானைட் வியாபாரி. எதையும் டன் கணக்கில் யோசிப்பவர். வெளிநாட்டுத் துப்பாக்கியை மடியில் வைத்துக் குழந்தையைத் தட்டுவது போலத் தட்டிக்கொண்டே சொன்னார்: "துப்பாக்கி நல்லாத்தான் இருக்குது. சுடற கைதான் சரியில்ல."

பெங்களூரில் இதற்கென்று இருக்கும் மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டலாமே என்றேன். கமிட்டி கூடியது. இந்த ஆண்டு அதற்கு நிதி இல்லை என்று முடிவானது. அதே கூட்டத்தில் தலைவர் அறைக்குப் புது சோபா வாங்குவது என்றும் முடிவானது. தலைவர் சோபாவில் உட்கார்ந்துதான் எங்களுக்கு நிதி இல்லை என்ற செய்தியைச் சொன்னார். சோபா நன்றாக இருந்தது.

"நாமளே பாப்போம் சார்," என்றார் சிஸ்டர். "பேஷண்ட் இங்கதான் இருக்குது. டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு அப்புறம் சொல்லுவோம், பொழைக்குமா பொழைக்காதான்னு."

முதல் கேள்வி, குற்றம் யாருடையது என்பது. கையில் பிடித்துச் சுட்டால் அது தெரியாது. துப்பாக்கியை அசையாமல் ஏதாவது ஒன்றின் மேல் வைத்துச் சுட வேண்டும். மேசைக்குப் பஞ்சமில்லை. மாவட்டத்தில் எங்கே திரும்பினாலும் விரிசல் விட்ட கிரானைட் பலகை கிடக்கும். பாலிஷ் பட்டறைக்காரர் ஒன்றைத் தள்ளிவிடக் காத்திருந்தார். மணல் மூட்டைக்கு என் பழைய ஜீன்ஸ். அதன் காலை முழங்காலுக்கு மேல் வெட்டி, ஆற்று மணலை அடைத்து, என் மனைவி தைத்துக் கொடுத்தாள். "இடுப்புப் பக்கமும் வேணும்னா தாரேன், ரெண்டு மூட்டை மணல் பிடிக்கும்," என்றாள்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிய வழி நெடுகக் கொடி வேண்டும். மருத்துவமனையில் தேதி முடிந்து தூக்கிப் போட்ட கட்டுத்துணி வந்தது. மாமரத் தோப்பை ஒட்டிய அந்த மைதானத்தில் குச்சிக்குக் குச்சி வெள்ளைக் கட்டு ஆடியதைப் பார்த்து, தோப்புக் காவலாளி இங்கே யாருக்கு என்ன அடிபட்டது என்று ஓடி வந்து கேட்டார்.

மூட்டை மேல் வைத்துச் சுட்டோம். கோழி இரை அப்படியேதான் விழுந்தது. தலைவர் சொன்ன கை இப்போது துப்பாக்கியைத் தாங்கவே இல்லை. எனக்கு அன்று ஏற்பட்ட சந்தோஷம் பதவி உயர்வுக்குச் சமம்.

அடுத்து தோட்டா. அலமாரியில் பல வகைப் பெட்டிகள் கலந்து கிடந்தன. நான் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுச் சுட்டு, கூடவே கட்டையில் இருந்த திருகையும் முடுக்கி, கண் வைத்துப் பார்க்கும் குறியையும் திருப்பிவிடலாம் என்று கிளம்பினேன். சிஸ்டர் கையைத் தட்டிவிட்டார்.

"ஒரே நேரத்துல நாலு மருந்தை மாத்துனா, எது கேட்டுதுன்னு எப்பிடித் தெரியும்? ஒண்ணு மாத்துங்க. பாருங்க. அப்புறம் இன்னொண்ணு."

அந்த ஒழுக்கத்தில் வாரங்கள் போயின. கமிட்டி தனக்கென்று பூட்டி வைத்திருந்த விலை உயர்ந்த வெளிநாட்டுத் தோட்டாவில் ஒரு பெட்டி எங்களுக்குக் கிடைத்தது. பழைய துப்பாக்கி அதை வாயில் வாங்கித் துப்பியது. இருப்பதிலேயே மலிவான ஒரு பெட்டியைத்தான் அதற்குப் பிடித்திருந்தது. குழலுக்குக் குழல் ருசி வேறு, விலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பது நாங்கள் கண்ட முதல் உண்மை. தலைவரிடம் சொன்னோம். அவர் எங்களை ஏழைகளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

பிறகு நான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்து, குழலைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றேன். சுத்தம் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருந்தது. சாவிக் கொத்தும் பொறுப்பும் வைத்திருந்தவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார். சுட்டு முடித்ததும் இரும்புக் கம்பியை வாய்ப் பக்கம் விட்டு, சாக்கடை அடைப்பு எடுப்பது போல இடிப்பார். குண்டு கடைசியாகத் தொட்டுப் பிரியும் இடம் அந்த வாய். அதைத் தேய்த்தால் குண்டு கோணலாகப் போகும் என்று மெல்லச் சொன்னேன்.

"இப்பிடித்தான் முப்பது வருசம் பண்ணோம். பார்டர்ல யாரும் வந்து கோணலா போவுதுன்னு கம்ப்ளைண்ட் குடுக்கல," என்றார்.

அவருக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. அடுத்த வாரம் முதல் சிஸ்டர் பி.பி. பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து, சுடும் முன் அவருக்குப் பார்த்துவிடுவார். அந்த நன்றியில் கம்பி தானாகப் பெட்டிக்குள் போனது. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒரு ஞாயிறு முழுக்க, பின்பக்கமாகத் துணி விட்டுத் துணி விட்டு, வெள்ளையாக வெளியே வரும்வரை துடைத்தேன். சுட்டுப் பார்த்தால் முன்பைவிட மோசம். இந்த ரகக் குழலுக்குள் மெல்லிய அழுக்கு ஒன்று படிந்து நிலைத்தால்தான் ஒரே மாதிரி சுடுமாம். அதை நான் பக்தியோடு துடைத்து எடுத்திருந்தேன். மறுபடியும் அழுக்காக்க ஒரு பெட்டித் தோட்டா செலவானது.

"ரொம்ப நல்லா குளிப்பாட்டிட்டீங்க," என்றார் சிஸ்டர்.

திருப்பம் ஒரு குந்தாரப்பள்ளிச் சந்தை நாளை ஒட்டி வந்தது. நெடுஞ்சாலையில் மாடுகளுக்கு வழிவிட்டு பஸ் நின்றுகொண்டே இருந்தது. வேறு வேலையில்லாமல், அச்சடித்து வைத்திருந்த தாளைப் படித்தேன். இரும்புக் குழல், அதைத் தாங்கும் மரக்கட்டையை எங்கேயும் உரசக் கூடாது. ஒரு தாளை நடுவே விட்டால் தடையில்லாமல் போக வேண்டும் என்றிருந்தது. கிளப்புக்குப் போனதும் சட்டைப் பையில் கிடைத்த பஸ் டிக்கெட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் விட்டு இழுத்தேன். ஒரு சாண் போனது. இடது பக்கம் ஓரிடத்தில் சிக்கி நின்றது.

சிஸ்டர் குனிந்து பார்த்தார். "டிக்கெட்டு இங்கயே எறங்கிடுச்சு சார்."

மழை பெய்யப் பெய்ய மரம் ஊதி, குழலைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்தது. வெயில் வந்தால் வேறு மாதிரித் தள்ளும். கட்டையையும் இரும்பையும் சேர்க்கும் திருகுகளைப் பார்த்தேன். முன் திருகு நகத்தால் திருப்பும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. பின் திருகை ஹவில்தார் தேசப்பற்றோடு முடுக்கியிருந்தார்.

துப்பாக்கியைக் கிளப்புக்கு வெளியே கொண்டுபோக முடியாது. அதனால் கருவிதான் துப்பாக்கியைத் தேடி வர வேண்டும். எங்கள் பிரிவில் இருந்த, முறுக்கை அளந்து காட்டும் திருப்புளியை கேட் பாஸ் போட்டு வெளியே எடுத்தேன். நோக்கம் என்ற இடத்தில் வெளி அளவீடு என்று எழுதினேன். பொய் இல்லை. கேட்டில் செக்யூரிட்டி கேட்டார்: "இன்னா சார், ஞாயித்துக்கெழம கூடவா கேலிப்ரேஷன்?"

"தொழில் பக்திப்பா," என்றேன்.

உப்புத்தாளை ஒரு குழாய்த் துண்டில் சுற்றி, கட்டையின் அந்த இடத்தைத் தேய்த்தோம். கொஞ்சம் தேய், டிக்கெட்டை விடு, மறுபடி தேய். ஹவில்தார் கமிட்டியைக் கேட்க வேண்டாமா என்று தொடங்கினார். சிஸ்டர் அவர் கையில் பி.பி. பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, "பேசாதீங்கய்யா, ஏறிக் காட்டும்," என்றார். டிக்கெட் கடைசி நிறுத்தம்வரை போனது. மரத்துக்குள் ஈரம் ஏறாமல் லேசாக எண்ணெய் தடவினோம். இரண்டு திருகையும் ஒரே அளவு முறுக்கினோம்.

அன்று சிஸ்டர் மூட்டையை விலக்கிவிட்டுக் கையில் பிடித்துச் சுட்ட ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் மறைந்தன. இருவரும் சத்தம் போடவில்லை. பேசக்கூடாது என்று போர்டு இருக்கிறதே. சிஸ்டர் மட்டும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மாந்தோப்பு ஓரம் வரை நடந்து திரும்பி வந்தார்.

அடுத்தது என் முறை. என் ஐந்து குண்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் இருந்தன. நான் காற்றைப் பார்த்தேன். குவாரியில் வெடி வைத்தார்களா என்று கேட்டேன். சிஸ்டர் துப்பாக்கியை வாங்கித் தோட்டா போட்டுக் கொடுத்தார். நான் மூச்சை அடக்கி, குறி பார்த்து, விசையை அழுத்தினேன். சத்தமே வரவில்லை. ஆனால் என் தோள் குதித்தது, கண் மூடியது, குழல் தரையைப் பார்த்தது.

"சுட்ட காலித் தோட்டாவைத்தான் போட்டேன்," என்றார் சிஸ்டர். "குண்டே இல்ல. நீங்க எதுக்கு சார் குதிக்கறீங்க?"

தொழிற்சாலையில் இருந்த எல்லாக் கருவிகளுக்கும் ஸ்டிக்கர் ஒட்டியவன் நான். என் நெற்றியில் ஒட்ட அன்று சிவப்பு ஸ்டிக்கர்தான் கையிருப்பில் இருந்தது. அதற்கப்புறம் மாதக்கணக்கில் சிஸ்டர் காலியையும் குண்டையும் கலந்து போட்டுக் கொடுப்பார். எது என்று எனக்குத் தெரியாது. ஊசி போடும் முன் குழந்தையிடம் பேச்சுக் கொடுப்பது போல ஏதோ பேசிக்கொண்டே இருப்பார். குதிப்பது குறைந்தது. தட்டு, டபராவாகச் சுருங்கியது.

இந்தச் சுகம் தலைவர் பெங்களூர் விருந்தாளிகளோடு வந்த நாள்வரை நீடித்தது. அவர்களுக்கு மைதானத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டே வந்தவர், மேசை மேல் இருந்த அட்டையைப் பார்த்து நின்றார்.

"யார் சுட்டது?"

"நான்தாங்க," என்றார் சிஸ்டர்.

"எந்தத் துப்பாக்கியில?"

"பழசுலதாங்க."

ரிங் ரோடு தன் நிலத்தை ஒட்டி வரப்போகிறது என்று அப்போதுதான் கேள்விப்பட்டவர் போல அந்தத் துப்பாக்கியைப் பார்த்தார். மறு வாரமே கமிட்டி கூடியது. பழைய துப்பாக்கி கிளப்பின் பாரம்பரியச் சொத்து என்றும், அதைத் தலைவரே நேரடியாகப் பாதுகாப்பார் என்றும், ஆண்டுப் போட்டியில் அவரே அதில் சுடுவார் என்றும் முடிவானது. பொது உறுப்பினர்கள் கஷ்டப்படக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வெளிநாட்டுத் துப்பாக்கி எங்களுக்கு இறக்கிவிடப்பட்டது.

எனக்கு வந்த கோபத்தில் ராஜினாமா செய்யலாம் என்று பார்த்தேன். ஆயுள் சந்தாவில் அதற்கு இடமில்லை, செத்தால்தான் உண்டு. சிஸ்டர் வெளிநாட்டுத் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கஷ்டப்பட்டு வேலை பாத்தது நாம. அவுரு தூக்கிட்டுப் போறாரு. உங்களுக்கு வயிறு எரியலையா?" என்றேன்.

"எரியுது சார். ஆனா பதிலுக்கு ஃபாரின் குடுத்திருக்காரு. இப்ப நான் அழுவணுமா சிரிக்கணுமா, அதையும் கமிட்டியே சொல்லிட்டா தேவல."

வெளிநாட்டுச் சரக்குக்கு நோய் வேறு. கமிட்டி உறுப்பினர் ஒவ்வொருவரும் தங்கள் கண்ணுக்கேற்பப் பின் குறியைத் திருப்புவார்கள். திருப்பியதைத் திரும்ப வைக்க மாட்டார்கள். அது பல கண்களின் சராசரியில் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றது. நடுநிலைக்குக் கொண்டுவந்து, தோட்டாவின் ருசி பார்த்து, திருகுகளைச் சமமாக முறுக்கி, குறி நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பொட்டு வைத்தோம். அதற்கு மனைவியிடம் நகச்சாயம் கேட்டேன்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்கு ஒண்ணு வாங்கித் தரணும்னு தோணல. இப்ப துப்பாக்கிக்கு அலங்காரமா?" என்றாள். பாதி காய்ந்த புட்டியைக் கொடுத்தாள்.

வெளியாட்களும் வந்து சுடும் ஆண்டுப் போட்டி அன்று பழைய துப்பாக்கி உறையிலிருந்து வெளியே வந்தபோது கூட்டமே திரும்பிப் பார்த்தது. கல்யாண வீட்டு பீரோ போல மின்னியது. தலைவர் தன் வீட்டுக் கதவுகளுக்கு மெருகு போட்ட ஆளைக் கிளப்புக்கே வரவழைத்து அதைக் கொடுத்திருந்தார். அந்த ஆள் துப்பாக்கியைக் கழற்றி, உள்ளும் புறமும், மூலை முடுக்கு விடாமல், வாங்கிய கூலிக்கு வஞ்சனை இல்லாமல் வார்னிஷ் பூசியிருந்தார்.

தலைவர் படுத்தார். சுட்டார். கோழி இரை. எழுந்து காற்று என்றார். கட்டுத்துணிக் கொடிகள் அசையாமல் தொங்கின. வெயில் என்றார். வெயில் எல்லோருக்கும்தான் அடித்தது. கடைசியில் ஹவில்தார் கொண்டுவந்த டீயில் சர்க்கரை அதிகம், கை நடுங்குகிறது என்றார்.

அவர் போனதும் சிஸ்டர் தன் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்துக் குழலுக்கடியில் விட்டுப் பார்த்தார். வாசலிலேயே நின்றது.

"சொல்லலாமா சார்?"

"கேட்டாச் சொல்லுவோம்."

"கேக்க மாட்டாரு," என்று டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஓசூரிலிருந்து வந்த பல் டாக்டர் ஒருவர் முதல் பரிசு வாங்கினார். சிஸ்டர் இரண்டாவது. நான் தலைவரையும், காய்ச்சலோடு வந்து சுட்ட ஒருவரையும் தோற்கடித்தேன். பரிசளிப்பில் தலைவர், சாதாரண உறுப்பினர்களுக்கும் வெளிநாட்டுத் துப்பாக்கி தந்து ஊக்குவித்ததன் பலனை இன்று எல்லோரும் கண்கூடாகப் பார்க்கிறோம் என்று பேசி, சிஸ்டர் கையில் ஒரு ஹாட் பேக்கைக் கொடுத்தார். சிஸ்டர் அதை வாங்கிக்கொண்டு, "அந்தப் பழசை என்ன பண்ணப் போறீங்க சார்?" என்று கேட்டார்.

"அது முடிஞ்சுது. குழல் போயிடுச்சு. வேணும்னா ப்ராக்டிசுக்கு நீங்களே வெச்சுக்குங்க," என்றார் தலைவர். வெளிநாட்டுத் துப்பாக்கி கமிட்டிக்குத் திரும்பியது. நகச்சாயப் பொட்டை யாரோ சுரண்டி எடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

நாங்கள் மறுபடி உப்புத்தாள் எடுத்தோம். வெளிப்பக்க மெருகை சிஸ்டர் தொடவிடவில்லை. "வெளிய வழவழன்னு அழகாத்தான் இருக்குது, உள்ள மட்டும் சுரண்டுவோம்," என்றார். அடுத்த வருடம் அதே துப்பாக்கியோடு, ஹவில்தாரைக் காவலுக்குக் கூட்டிக்கொண்டு சேலத்தில் ஒரு போட்டிக்குப் போனார். நடுவில் ஏதோ ஓரிடத்தில் வந்தார். திரும்பி வந்து அதைப் பற்றி அவர் சொன்னது ஒன்றுதான்: "அங்க எல்லாரும் அமைதியா இருந்தாங்க சார். சொர்க்கம்."

என் சாதனையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிறு சிஸ்டருக்கு டூட்டி. மைதானத்தில் நானும் ஹவில்தாரும் மட்டும். காற்றில்லை. தோள் குதிக்கவில்லை. ஐந்து குண்டையும் விட்டுவிட்டுத் தொலைநோக்கியில் பார்த்தேன். ஐந்தும் நட்டநடுவில், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு. ஹவில்தாரைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ் சார். பட்டாலியன்ல கூட இப்பிடிப் பாத்ததில்ல," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா நீங்க சுட்டது உங்க அட்டையை இல்ல. உங்களுது அதுக்குப் பக்கத்துல ஓட்டையே விழாம இருக்குது."